கடைசிப் பத்தடி

டொரன்டோவில் இரவெல்லாம் பனி கொட்டி ஓய்ந்தால், முகப்பில் அகலமான இரும்புத் தகடு மாட்டிய பிளவ் லாரி தெருத் தெருவாகப் புறப்படும். கிடக்கும் பனியை வழித்து ஓரமாக ஒதுக்கிக்கொண்டே போகும். உள்தெரு என்றால் 8 சென்டிமீட்டராவது விழுந்திருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் உப்போடு சரி. லாரி போன பிறகு தார் கறுப்பாகப் பளிச்சென்று தெரியும். ஒதுக்கிய பனி மட்டும் எங்கும் போயிருக்காது. பல வீடுகளில், கார் ஏறும் டிரைவ்வேயின் வாயிலில் முழங்கால் உயரத்துக்கு வரப்புக் கட்டி நிற்கும்.

வயதானவர்களுக்கு வினையே அந்த வரப்புதான். புதிதாக விழுந்த உலர்ந்த பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோவுக்குள் அடங்கிவிடும். பிளவ் ஒதுக்கியது அப்படியல்ல. நசுங்கி, உப்பும் மண்ணும் ஐஸ் கட்டியும் கலந்து, நாலைந்து மடங்கு கனக்கும். ஐந்து மீட்டர் அகல வாயிலில் கிடப்பதை மட்டும் அள்ளினாலே அரை டன் கணக்காகிவிடும். கொஞ்சம் தாமதித்தால் உறைந்து இறுகிவிடும். பிறகு ஷவல் இறங்காது, கடப்பாரைதான் வேண்டும். விடியற்காலையிலேயே எழுந்து வாசலை அழகாக வழித்து வைத்தவருக்கும் சலுகை கிடையாது. பிளவ் இரண்டாம் முறை வந்தால் இரண்டாம் வரப்பு.

வரப்புக்குப் பின்னால் டிரைவ்வே, அதற்குப் பின்னால் நடை, நாலு படி, ஒரு கதவு. அந்தக் கதவுக்குப் பின்னால் எண்பது வயது அம்மா ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக, நடமாட முடியாதவர்களுக்கான வீல்-டிரான்ஸ் வண்டி வர வேண்டும். குளிப்பாட்டி உடை மாற்றிவிட வீட்டுப் பராமரிப்புப் பணியாளர் வர வேண்டும். மதியச் சாப்பாடு வர வேண்டும். தபால் வர வேண்டும். ஏதாவது ஆகிவிட்டால் ஸ்ட்ரெச்சரோடு ஆம்புலன்ஸ்காரர்கள் வர வேண்டும். இவர்கள் அனைவரும் சுத்தமான தெரு வழியாக வந்து, வாசலுக்கு முந்தைய கடைசிப் பத்தடிக்கு முன்னால் நின்றுவிடுவார்கள்.

தெரு மாநகராட்சியுடையது. வீட்டின் உள்ளே வீட்டுக்காரர் பாடு. இடையில் கிடக்கும் கடைசிப் பத்தடி யாருடையது? சட்டத்தில் வீட்டுக்காரருடையது. நடைமுறையில், பக்கத்து வீட்டுக்காரர் மனது வைத்தால்தான் அது வழியாகும்.

சட்டத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கால்கரியில் பனி ஓய்ந்த 24 மணி நேரத்துக்குள், வீட்டு முன்னாலுள்ள பொது நடைபாதையைக் கான்கிரீட் தெரியும்வரை வழித்திருக்க வேண்டும். தவறினால் மாநகராட்சி ஆள் வைத்துத் தள்ளிவிட்டுக் கூலியை வீட்டுக்காரர் தலையில் கட்டும்; அபராதமும் உண்டு. ஜெர்மனியில் பல ஊர்களில் வேலைநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நடைபாதை சுத்தமாகி மணலோ பொடிக்கல்லோ தூவியிருக்க வேண்டும். டொரன்டோவில் 12 மணி நேரம் என்று விதி; ஆனால் ஸ்கார்பரோ, எட்டோபிகோ, நார்த் யார்க் போன்ற புறநகர்ப் பகுதிகளில் நடைபாதைக்கும் சின்ன எந்திரம் வந்துவிடும். நெருக்கமான பழைய நகரத்துக்கு அந்தப் பாக்கியம் வாய்க்க 2021-22 குளிர்காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் பெயர் பதிந்தால் ஆள் அனுப்பும் ஏற்பாடு ஒன்று இருந்தது.

பொதுவாக ஊர்ச் சட்டம் கடிகாரத்தை மட்டுமே பார்க்கிறது. வீட்டுக்காரருக்கு இருபத்தெட்டு வயதா, எண்பத்திரண்டா என்று அது கேட்பதில்லை.

ஆனால் இதயம் கேட்கிறது. இரண்டு கார் நிற்கும் டிரைவ்வே ஏறக்குறைய 50 சதுர மீட்டர். அதில் 20 சென்டிமீட்டர் பனி என்றால் 10 கன மீட்டர். உலர்ந்த பனியாகவே இருந்தாலும் ஒரு டன் எடை. நம் ஊர்க் கணக்கில் பதின்மூன்று, பதினான்கு நெல் மூட்டை. அதைத் தனி ஆளாக, சாப்பாட்டுக்கு முன், நடுங்கும் குளிரில் ஷவலால் அள்ளி எறிய வேண்டும். நிறையப் பேர் இதை வேலை என்றே நினைப்பதில்லை. வாசல் கூட்டுவதில் சேர்த்துவிடுகிறார்கள்.

1995ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு சோதனை வெளியானது. ஆரோக்கியமான, ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பத்து இளைஞர்களைக் கனமான ஈரப்பனியை அள்ளவைத்தார்கள். இரண்டே நிமிடத்தில் அவர்களின் இதயத்துடிப்பு உச்ச வரம்பில் 85 சதவீதத்தைத் தாண்டியது. இளைஞர்களுக்கே இந்தக் கதி. காரணம் ஒன்றல்ல. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கையால் செய்யும் கடும் வேலை, காலால் செய்யும் வேலையைவிட ரத்த அழுத்தத்தை அதிகம் ஏற்றும். கால்கள் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதால் ரத்தம் மேலே திரும்புவது மந்தமாகிறது. கனத்தைத் தூக்கும்போது நம்மையறியாமல் மூச்சையும் அடக்குகிறோம். இத்தனையும் ஒரே நேரத்தில்.

கியூபெக் மாகாணத்தில் 1981 முதல் 2014 வரையிலான மாரடைப்புப் பதிவுகளைப் பனிப்பொழிவுப் பதிவுகளோடு பொருத்திப் பார்த்த ஆய்வு ஒன்று 2017ல் கனடிய மருத்துவச் சங்க இதழில் வந்தது. 20 சென்டிமீட்டர் பனி விழுந்த மறுநாள், ஆண்கள் மாரடைப்பால் மருத்துவமனையில் சேரும் வாய்ப்பு 16 சதவீதமும், இறக்கும் வாய்ப்பு 34 சதவீதமும் கூடியிருந்தன. பெண்களிடம் அப்படி ஒரு தொடர்பு தெரியவில்லை. ஷவலை எடுத்துக்கொண்டு வெளியே போவது பெரும்பாலும் ஆண்கள் என்பதே ஆய்வாளர்களின் ஊகம். அமெரிக்காவில் 1990 முதல் 2006 வரை பனி அள்ளும்போது ஏற்பட்ட காயங்களையும் கோளாறுகளையும் தொகுத்த இன்னொரு ஆய்வில், அவசரப் பிரிவுக்கு வந்தவர்கள் ஆண்டுக்குச் சராசரி 11,500 பேர். இதயக் கோளாறு அதில் வெறும் 7 சதவீதம்தான். ஆனால் கணக்கில் வந்த மரணங்கள் எல்லாமே அந்த 7 சதவீதத்துக்குள் அடக்கம்.

2022 நவம்பரில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரை ஒட்டிய ஊர்களில் ஏரிக் காற்று கொண்டுவந்த பனி, சில இடங்களில் இரண்டு மீட்டர் குவிந்தது. உறையாத ஈரி ஏரியின் மேல் குளிர்காற்று ஓடும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு கரையேறியதும் அப்படியே கொட்டிவிடும். அந்தப் புயலில் முதலில் அறிவிக்கப்பட்ட இரண்டு மரணங்களும் வாசலில் பனி தள்ளப்போய் இதயம் நின்றதால் வந்தவை.

ஆகவே, “அப்பா, நீங்கள் தொடாதீர்கள்” என்று வெளியூரிலிருந்து போனில் சொல்லும் பிள்ளைகள் மிகைப்படுத்துவதில்லை. சிக்கல் என்னவென்றால், அப்பா தொடாவிட்டால் யார் தொடுவது என்பதற்கு அவர்களிடம் விடை இல்லை.

ராணுவம் தொட்ட கதைகள் உண்டு. 1999 ஜனவரியில் டொரன்டோவில் அடுத்தடுத்து வந்த புயல்களில் ஒரு மீட்டருக்கு மேல் பனி சேர்ந்தது. மேயர் மெல் லாஸ்ட்மன் ராணுவத்தைக் கூப்பிட்டார். சரியாகத் தைப்பொங்கலை ஒட்டி நானூறுக்கும் மேற்பட்ட வீரர்கள் வந்து இறங்கினார்கள். பனிக்குப் பழகிய மற்ற கனடிய நகரங்கள் இன்றுவரை அதைச் சொல்லிக் கேலி செய்கின்றன. கேலி நியாயமில்லை. பனியில் கோட்டை விட்டால் அரசியல்வாதிக்கு என்ன ஆகும் என்பதை சிகாகோ இருபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியிருந்தது. 1979 ஜனவரிப் பனிப்புயலுக்குப் பின் தெருக்களைச் சரிவரத் திறக்க முடியாத மேயர் மைக்கேல் பிலாண்டிக், அடுத்த மாதமே கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜேன் பைர்னிடம் தோற்றுப் பதவியிழந்தார்.

2020ல் நியூஃபவுண்ட்லாந்தின் தலைநகர் செயின்ட் ஜான்ஸில் நடந்தது வேறு ரகம். ஜனவரி 17 அன்று ஒரே நாளில் 76 சென்டிமீட்டர், கூடவே மணிக்கு 130 கிலோமீட்டர் வேகக் காற்று. மறுநாள் காலை கதவைத் திறந்தவர்கள் எதிரே கண்டது வெள்ளைச் சுவர். கதவின் அச்சு அதில் அப்படியே பதிந்திருந்தது. நகரில் எட்டு நாள் நெருக்கடி நிலை. கடைகளும் மருந்தகங்களும் மூடல். நூற்றுக்கணக்கான வீரர்கள் ஷவலோடு வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த முக்கிய வேலைகளில் ஒன்று, தனியே இருக்கும் முதியவர்கள், நடமாட முடியாதவர்கள் வீட்டு வாசலைத் தோண்டித் திறப்பது. ஆனால் வீரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே பாதி நகரம் தன்னைத் தானே தோண்டிக்கொண்டிருந்தது. சரிவான தெருக்களில் ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள். மாடி ஜன்னல் வழியே வெளியேறியவர் அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிட, அவர் அதற்கடுத்ததை.

நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களின் இந்தச் சுபாவம் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் அட்லாண்டிக்கில் தத்தளித்த 155 ஈழத் தமிழர்களைக் காப்பாற்றிய மீன்பிடிப் படகுக் கேப்டன் கஸ் டால்டன் அந்தத் தீவின் மனிதர்தான்.

ராணுவம், மேயர், நெருக்கடி நிலை எல்லாம் பத்தாண்டுக்கு ஒருமுறை வருகிற சங்கதி. சாதாரணக் குளிர்காலத்தில் விழுவது சாதாரணப் பனி. செவ்வாய்க்கிழமை பத்து சென்டிமீட்டர், வெள்ளிக்கிழமை ஆறு, நடுவில் ஒரு நாள் உறைமழை. செய்தியிலும் வராது. வீட்டோடு கிடப்பவரை உண்மையில் சிறைவைப்பது இதுதான். இதற்கு வீரசாகசம் உதவாது. முறைவைத்துச் செய்யும் ஆள் வேண்டும்.

கால்கரி மாநகராட்சி இதைப் புரிந்துகொண்டு பல ஆண்டுகளாக “ஸ்னோ ஏஞ்சல்ஸ்” என்றொரு இயக்கம் நடத்துகிறது. திட்டம் ரொம்ப எளிமை: உங்கள் தெருவில் ஒரு முதியவரையோ நடமாட முடியாதவரையோ தேர்ந்தெடுங்கள், இந்தக் குளிர்காலம் முழுதும் அவர் நடைபாதை உங்கள் பொறுப்பு. உதவி பெற்றவர் விரும்பினால் மாநகராட்சிக்குப் பெயரைத் தெரிவிக்கலாம். அங்கிருந்து நன்றி வரும். கால்கரிக்கு இது தேவையும்கூட. ராக்கி மலையிலிருந்து இறங்கும் சினூக் என்ற வெப்பக்காற்று சில மணி நேரத்தில் வெப்பநிலையை இருபது டிகிரி ஏற்றிவிடும். பகலில் உருகி ஓடியது இரவில் உறைந்து கண்ணாடியாகிவிடும். பனியில் புதைந்தவர்களைவிட அந்தக் கண்ணாடியில் வழுக்கி இடுப்பு முறிந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னால் நம்பலாம். பிட்ஸ்பர்க் நகரமும் அதே பெயரில், அறுபது வயது தாண்டியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் தன்னார்வலர்களோடு இணைத்துவிடுகிறது.

பிட்ஸ்பர்க் என்றதும் அதன் புறநகரான பெத்தல் பார்க்கைச் சொல்லாமல் போக முடியாது. 2022 ஜனவரியில் அங்குள்ள உயர்நிலைப் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியாளர் தன் மாணவர்களுக்கு ஒரு அறிவிப்பு விட்டார். பனிப்புயல் வருவதால் திங்கட்கிழமை எடை தூக்கும் பயிற்சி கிடையாது. பதிலாக ஆளுக்கொரு முதியவரையோ மாற்றுத்திறனாளியையோ தேடிப்போய் டிரைவ்வேயைத் தள்ளிக் கொடுங்கள். காசு வாங்கக் கூடாது. அதுதான் அன்றைய பயிற்சி. செய்தி உலகம் முழுக்கப் பரவியது. அந்தப் பள்ளியில் அது பழைய வழக்கம். முந்தைய பயிற்சியாளர் காலத்திலிருந்தே வருகிறது. ஒரு டன் பனியைத் தூக்கியவனுக்கு ஜிம்மில் என்ன மிச்சம்?

ஒன்டாரியோ மாகாணத்தில் இதற்கு இன்னொரு நல்ல கொக்கி இருக்கிறது. அங்கே உயர்நிலைப் பள்ளியை முடிக்க 40 மணி நேரச் சமூகத் தொண்டு கட்டாயம். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் பன்னிரண்டாம் வகுப்பின் கடைசி மாதங்களில் அந்த 40 மணி நேரத்தைத் தேடி நூலகம், கோயில், தமிழ்ப் பாடசாலை என்று அலைவது வருடாந்தரக் காட்சி. தெருக்கோடியில் தனியே இருக்கும் முதியவரின் வாசலைத் தள்ளினால் பொதுவாக அதற்கும் கணக்கு உண்டு. பள்ளியில் முன்கூட்டிக் கேட்டு, படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே ஒரு நிபந்தனை: சொந்த அம்மம்மாவின் டிரைவ்வே கணக்கில் வராது. அது வீட்டுவேலை.

அந்த அம்மம்மாவைப் பற்றியும் பேச வேண்டும். மகனோ மகளோ ஸ்பொன்சர் செய்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மகன் விடியுமுன் வேலைக்குக் கிளம்பிவிடுவார், மருமகளும் அப்படியே. நிலவறையில் தனிக் குடித்தனம் என்றால் பக்கவாட்டுக் கதவுதான் வழி. அந்தக் கதவுக்கு இறங்கும் நாலைந்து படிகள் ஒரு குழியில் இருக்கும். கூரையிலிருந்து சரிவதும் காற்று அடித்து வருவதும் அங்கேதான் வந்து நிரம்பும். முன்வாசலைத் தள்ளிவிட்டுப் போகிற நல்ல மனிதருக்கு அப்படி ஒரு கதவு இருப்பதே தெரியாது.

தெரிந்து வந்தாலும் அம்மம்மா லேசில் விடமாட்டார்.

“விடுங்கோ தம்பி, உங்களுக்கேன் கரைச்சல். மகன் பின்னேரம் வந்து தள்ளுவார்.”

“ரெண்டு நிமிசம் அம்மா. நீங்க குளிருக்க நிக்காமல் உள்ள போங்கோ.”

மகன் பின்னேரம் வருவதற்குள் படியில் விழுந்தது உறைந்துவிடும் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் இந்த உரையாடல் நடந்தாக வேண்டும். முடிந்த பிறகு ஒரு தேத்தண்ணியும், பொலித்தீன் பையில் கட்டிய முறுக்கும் வந்தாக வேண்டும். பெற்றுக்கொள்வதுதான் மரியாதை. காசு நீட்டினால் மறுக்கலாம், முறுக்கை மறுக்கக் கூடாது. தள்ளிக் கொடுப்பவர் தமிழராக இருப்பதும் அவசியமில்லை. ஸ்கார்பரோத் தெருவில் ஒரு பக்கத்து வீடு சீனக் குடும்பம், மறுபக்கம் ஜமைக்காக்காரர், எதிரே பிலிப்பினோக்கள். பொதுமொழி இல்லாவிட்டாலும் ஸ்னோ புளோவர் எந்திரம் வைத்திருப்பவர் எல்லா மொழியிலும் நல்லவர். தன் வாசலை முடித்த கையோடு அந்த எந்திரத்தை அணைக்காமல் அடுத்த மூன்று வீட்டுக்கும் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வருவார். (அடைத்துக்கொண்டால் மட்டும் கையை விட்டுக் கிளறக் கூடாது. எந்திரத்தை நிறுத்தி, கட்டையால்தான் குத்த வேண்டும். விரல் போன கதைகள் ஏராளம்.)

உதவி கேட்கக் கூசும் இந்தக் குணத்தை மிக அழகாகக் கையாண்டவர்கள் ஜப்பானியர்கள் என்று தோன்றுகிறது. ஜப்பான் கடலை நோக்கிய நீகாதா, யமகாதா, அகிதா பகுதிகளில் விழும் பனிக்கு முன்னால் டொரன்டோவில் கொட்டுவது வெறும் தூவல். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று கடலில் ஈரத்தை வாரிக்கொண்டு மலையில் முட்டிக் கொட்டிவிடுகிறது. அந்த நாட்டின் நிலப்பரப்பில் பாதியை 1962 சட்டத்தின்கீழ் கடும்பனிப் பிரதேசம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். அங்கே வாசலைத் தள்ளினால் போதாது. கூரை ஏறிப் பனியை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் பழைய மரவீடு கனம் தாங்காமல் முறிந்துவிடும். இளைஞர்கள் டோக்கியோவுக்குப் போய்விட்ட கிராமங்களில் கூரை ஏறுவது எழுபது வயதுத் தாத்தாக்கள். 2005-06 குளிர்காலத்தில் பனியால் இறந்தவர்கள் 150க்கு மேல்; அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் 65 வயது தாண்டியவர்கள். கூரையிலிருந்து விழுந்தவர்கள், கூரைப்பனி சரிந்து புதைந்தவர்கள், வாய்க்காலில் தவறி விழுந்தவர்கள்.

2004 அக்டோபரில் நீகாதாவின் சுயேத்சு பகுதியில் பெரிய நிலநடுக்கம். அந்தக் குளிர்காலமே கடும்பனி. வெளியூரிலிருந்து உதவ வந்த தன்னார்வலர்களுக்கு ஷவல் பிடிக்கத் தெரியவில்லை. ஆசையோடு வந்தவர்களே விழுந்து அடிபட்டால் கிராமத்துக்கு இன்னொரு சுமை. இந்த அனுபவத்துக்குப் பிறகு அங்கே “யுகிகாகி தோஜோ” தொடங்கினார்கள். பனி அள்ளுவதற்கான பயிற்சிக்கூடம். ஜூடோ, கராத்தே பள்ளிகளுக்குச் சொல்லும் அதே தோஜோ. நகரத்து மாணவர்களும் அலுவலக ஊழியர்களும் பனிக்கிராமத்துக்கு வந்து தங்கி, எங்கே காலை வைப்பது, கட்டியை எப்படிக் கட்டம் கட்டமாக வெட்டுவது, கயிறு கட்டிக் கூரை ஏறுவது எப்படி என்று கற்கிறார்கள். தேறினால் சான்றிதழ் உண்டு, படிநிலைகளும் உண்டு.

கற்றுக்கொடுப்பது யார்? கிராமத்து முதியவர்கள்தான். நுட்பம் இங்கேதான் இருக்கிறது. அந்தத் தாத்தா உதவி வாங்குபவராக வாசலில் கூனிக்குறுகி நிற்பதில்லை; ஆசானாக நின்று, “அப்படி இல்லை, இப்படி” என்று அதட்டுகிறார். அவர் கூரையும் சுத்தமாகிவிடுகிறது. நன்றி சொல்ல வேண்டிய சங்கடம் இரு பக்கமும் பங்கிடப்படுகிறது. கால்கரி மாநகராட்சி அனுப்பும் நன்றியைவிட இந்த ஏற்பாடு ஒரு படி மேல்.

ஷவல் பிடிக்கவும் படிப்பா என்று சிரிக்கலாம். ஆனால் பக்கத்து வீட்டுக்கு உதவப்போகிறவர்கள் செய்யும் தவறுகளைப் பார்த்தால் சிரிப்பு அடங்கிவிடும். முக்கால்வாசிப் பேர் ஷவல் அகலத்துக்கு ஒரு ஒற்றையடிப் பாதை போட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று போய்விடுவார்கள். பூட்ஸ் போட்டு நடப்பவருக்கு அது போதும். வாக்கர் பிடித்து நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்கும் ஒரு மீட்டராவது அகலம் வேண்டும், அடிவரை வழித்திருக்கவும் வேண்டும். அடியில் இரண்டு சென்டிமீட்டர் விட்டுவைத்தால், மிதிபட்டு இறுகி, இரவில் ஐஸாகிவிடும். பனி கிடந்திருந்தாலே தேவலை. சரிவுப்பாதை இருக்கும் வீடுகளில் அதன் விளிம்புகளையும், வண்டி வந்து நிற்கும் இடத்து நடைபாதை ஓரத்தையும் திறந்துவிட வேண்டும். நடுவில் பளபளவென்று வழித்து, ஓரத்தில் ஒரு அடி உயரக் குவியலை விட்டால் நாற்காலி எப்படி இறங்கும்?

உப்பு ஒரு மூடநம்பிக்கை. சாதாரணக் கல்லுப்பு மைனஸ் பத்து டிகிரியைத் தாண்டினால் ஏறக்குறைய வேலைநிறுத்தம் செய்துவிடும். அந்தக் குளிரில் எத்தனை வாளி கொட்டினாலும் தோட்டத்துக்கும் நாயின் பாதத்துக்கும்தான் கேடு. அப்போது மணல் தூவுவது நல்லது. ஐஸை உருக்காது, ஆனால் கால் பிடிக்கும்.

இன்னும் ஒன்று பலர் கண்ணில் படுவதே இல்லை. இன்றைய கனடிய வீடுகளில் சூடாக்கும் எந்திரத்தின் புகைப்போக்கி கூரை மேல் இருப்பதில்லை. பக்கச் சுவரில், தரையிலிருந்து கொஞ்ச உயரத்தில், வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்களாக நீட்டிக்கொண்டிருக்கும். காற்று அடித்து அங்கே பனி சேர்ந்து வாய் மூடிக்கொண்டால் எந்திரம் நின்றுவிடும். கெட்ட நேரமென்றால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. தன் வீட்டு வாசலுக்கே வர முடியாதவர் பக்கச் சுவரைச் சுற்றி வந்து குழாயைப் பார்க்கப் போகிறாரா? அவர் பொருட்டுப் பார்க்க வேண்டியவர் ஷவலோடு வருகிற நீங்கள்தான். அப்படியே அவர் வீட்டு வரிசையில் இருக்கும் தீயணைப்புத் தண்ணீர்க் குழாயைச் சுற்றியும் நாலு ஷவல் தள்ளிவிட்டால் தெருவே வாழ்த்தும்.

உதவப்போய் வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும் சிலருக்கு உண்டு. நான் தள்ளிவிட்ட இடத்தில் யாரோ வழுக்கி விழுந்து வழக்குப் போட்டால்? இதே வகைப் பயத்தைப் போக்க அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 1979ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வீட்டு முன் நடைபாதையைச் சுத்தம் செய்ய முயன்ற வீட்டுக்காரர் மீதோ அவர் அமர்த்தியவர் மீதோ, வேண்டுமென்றே அலட்சியமாக இருந்தாலொழிய, பழி வராது. ஒன்டாரியோவில் 2021 ஜனவரி முதல், தனியார் இடத்தில் பனியிலோ ஐஸிலோ வழுக்கி அடிபட்டவர் பொதுவாக 60 நாளுக்குள் எழுத்து மூலம் அறிவித்தால்தான் வழக்குக்கு இடம் என்று ஆக்கியிருக்கிறார்கள். பொதுவாகப் பார்த்தால், உறைந்து கிடக்கும் படியை அப்படியே விட்டுவைப்பதில்தான் ஆபத்து அதிகம்.

உதவுகிறவரும் மனிதர்தான். ஐம்பது வயது தாண்டி, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவர் தன் வாசலையும் தள்ளி அடுத்த வாசலையும் தள்ளினால், மேலே சொன்ன கியூபெக் கணக்கில் அவரும் சேர்ந்துவிடக்கூடும். தூக்கி எறியாமல் தள்ளுவது, முழங்காலை மடக்குவது, புயல் ஓயும்வரை காத்திராமல் நடுநடுவே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது, மார்பில் இறுக்கமோ தோளிலும் தாடையிலும் வலியோ வந்தால் ஷவலை அங்கேயே போட்டுவிட்டு 911க்கு அழைப்பது: இவற்றை எவ்வளவு சொன்னாலும் தகும். இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு முதியவர் வீட்டை எடுத்துக்கொண்டால் யாருக்கும் முதுகு முறியாது. வாட்ஸ்அப் குழுமத்தில் காலை வணக்கம் அனுப்புகிற நேரத்தில் இன்றைய முறை யாருடையது என்று ஒரு வரி போட்டால் போதும்.

இதையெல்லாம் பனி விழுந்த காலையில் தொடங்க முடியாது. அந்த நேரத்தில் அவரவர் கார் அவரவருக்கு. அக்டோபர் கடைசியில், இலை கூட்டும் நாட்களில், கதவைத் தட்டிக் கேளுங்கள்: எந்தக் கதவைப் பயன்படுத்துகிறீர்கள், எந்த நாளில் வண்டி வரும், எத்தனை மணிக்கு, புகைக்குழாய் எந்தச் சுவரில் இருக்கிறது. வெளிமாகாணத்துப் பிள்ளையின் தொலைபேசி எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்களால் முடியாது என்றால் மாநகராட்சியில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்று அவருக்காக நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள். டொரன்டோவானாலும் கால்கரியானாலும் எண் 311தான்.